டைப் சி ஒயர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
வெயில் வராத கடை எங்களுடையது.
எங்களுடையது என்று நாக்கு சொல்லும்;
உள்ளபடிக்கு ரசல் அண்ணனுடையது.
நான் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவேன்,
குமிழி வராமல்.
கை நடுங்கினால் நடக்காத வேலை.

நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும்.
சட்டையை வெளியே இழுத்துவிட்டு வருவார்கள்.
"எக்கா, சின்ன ஒயர் இருக்கா? குட்டையா, டைப் சி."
போன் என்ன மாடல் என்று கேட்டால்
ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்ப்பான்,
மூன்றாமவன் மேலே பார்ப்பான்.
மேலே லாரி போகும். பாலம் முனகும்.
நாற்பது ரூபாய்.
மிச்சம் பத்து வேண்டாம் என்பார்கள்.
ஜூன் முதல் எத்தனை விற்றேன் என்பது
பில் புத்தகத்தில் இருக்கிறது, என் கையெழுத்தில்.
எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டுக் குளிமுறியில் மாம்பழ வாசம்.
எங்கள் மாவில் அப்போது ஒரு பிஞ்சுகூட இல்லை.
அம்மா எதுவும் கேட்கவில்லை;
இருபது வருஷத்து அண்டியாபீஸ் புகை
அவள் மூக்கை என்றைக்கோ வறுத்துவிட்டது.
அப்பா ரப்பர் பால் வெட்டப் போகும்முன்
மூன்று மணிக்கு முற்றத்தில் பீடி பற்றவைப்பார்.
அந்த நாற்றம்
நான்தான் வந்திருக்கிறேன் என்று
கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வரும்.
இது அப்படியில்லை.
விருந்துக்கு வந்த பழம் மாதிரி
துவர்த்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டெல்வினின் ஜியாமெட்ரி பாக்ஸில்
கோணமானிக்கு அடியில் கிடந்தது.
ஹைலைட்டர் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.
நான் திருப்பி அடியைப் பார்த்தேன்.
துளை.
எனக்கு நன்றாகத் தெரிந்த துளை.
பக்கத்தில் சுருண்டு கிடந்தது ஒயர்,
எங்கள் கடை ஸ்டிக்கரோடு.

கேட்பதற்கு ஒரு வாக்கியம் தேடினேன்.
போன மாதம் களியக்காவிளை பஸ்ஸில்
அவன் வகுப்பு ஜெனிஷைப் பொட்டலத்தோடு பிடித்தார்கள்.
ஜெனிஷின் அம்மா ஸ்டேஷன் வாசலில்
செருப்பில்லாமல் நின்றதை
டெல்வின்தான் வந்து சொன்னான்,
சோற்றைப் பிசைந்துகொண்டே.
"அவனுக்குப் புத்தி இல்ல. அது கஞ்சா. அது வேற."
எதிலிருந்து வேற என்று
அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம்.
மீன்குழம்பு ஊற்றினேன்.

ராத்திரி குளிமுறியில் தாழ் போட்டு
குழாயைத் திறந்துவிட்டு
அதை வாயில் வைத்தேன்.
ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாது.
முனையில் நீலம் எரிந்தது,
சார்ஜ் ஏறும்போது எரிகிற அதே நீலம்.
இனித்தது.
அப்புறம் யாரோ ஒரு கை மணலை
நெஞ்சுக்குள் வீசியதுபோல
இருமினேன், வாளியைப் பிடித்துக்கொண்டு.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது.
நான் குழாயை மூடவில்லை,
அவன் தட்டவில்லை.
வாளி நிறைந்து வழிந்து கால் நனைந்தது.
கடைசியில் கதவிடுக்கு வழியாக,
காய்ச்சல்காரிக்குக் கஞ்சி நீட்டுகிற குரலில்,
"மொதல்ல அப்படித்தான் இருமும்க்கா.
பிறவு சரியாயிரும்."

பதினாறு வயது.
இந்த ஆறுதலை அவனுக்கு
எந்தக் கதவின் அந்தப்பக்கம் நின்று
எவன் சொல்லியிருப்பான்?

மறுநாள், நாலேகால்.
"எக்கா, சின்ன ஒயர்."
இல்லை என்றேன்.
என் தலைக்குப் பின்னால் பன்னிரண்டு தொங்கின.
பையன் அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனான்.
அங்கே இருந்தது.
"நாப்பது ரூவா போச்சே மக்ளே" என்றார் ரசல் அண்ணன்,
போனிலிருந்து கண் எடுக்காமல்.

அடுத்து ஒரு டெம்பர் கிளாஸ்.
துடைத்து, ஊதி, வைத்து, அழுத்தினேன்.
ஓரத்தில் சின்னதாய்க் குமிழி.
நகத்தால் வெளியே தள்ளத் தள்ள
அது நடுவுக்கு வந்துகொண்டிருந்தது.